விட்டு வைத்த பிழை

என் தங்கச்சியைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அவ பிடிவாதத்தைச் சொல்லணும். பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிப்பா. வீட்டுல அவளுக்குப் பேரு பொடுசு. இப்ப என்னைவிட உயரம், ஒரு கம்பெனியில ப்ரோக்ராம் எழுதுற வேலை, மூக்கு மேல கண்ணாடி வேற. ஆனாலும் பொடுசுதான். கல்யாணம் பண்ணிக்கோடின்னா, "எனக்குச் சனிக்கிழமை நேரமில்லக்கா"ம்பா. ஊர்ல எல்லாரும் சனிக்கிழமை மட்டும்தான் கல்யாணம் பண்றாங்க பாருங்க!

சனிக்கிழமை அவளும் அவளை மாதிரி கிறுக்குப் பிடிச்ச சில பேரும் டயர் கடைக்கு மேல இருக்கிற ஹால்ல கூடுவாங்க. காலேஜ் பசங்களுக்குக் கம்ப்யூட்டர் மொழி ஒண்ணைப் பழக்கி விடுறதுதான் அவங்க வேலை. கரும்பலகை கிடையாது, பாடம் கிடையாது. இவங்க எழுதி, நிஜமா எங்கேயாவது ஓடிக்கிட்டிருக்கிற ப்ரோக்ராமைத் தூக்கிப் பசங்க கையில கொடுத்துடுவாங்க. அதுல ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. சின்னத் தப்பு ஏதாவது கண்ணுல பட்டா, தெரிஞ்சவங்க யாரும் அதுல கை வைக்கக் கூடாது. புதுசா வர்றவங்களுக்குன்னு விட்டு வைக்கணும்.

"முதல் தப்பைத் தானே சரி பண்ணிட்டா அந்தப் பிள்ளை அப்புறம் ஓடவே மாட்டாக்கா"ன்னு பொடுசு சொல்லுவா. நல்ல வழக்கம்தான், நான் ஒண்ணும் குறை சொல்லல. ஆனா அந்தத் தப்பு கூடவே தினமும் உட்கார்ந்திருந்தவ நான்.

நான் ஒரு சின்ன கிளினிக்ல முன்னால உட்கார்ந்து பேர் பதியுறவ. வர்றவங்களை வரிசைப்படி உள்ளே கூப்பிட எங்களுக்கு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தது பொடுசோட கூட்டம்தான். குரலும் அவளோடதுதான். அவ பேசினதைப் பதிவு பண்ணி, அதை வச்சு எந்தப் பேரை வேணும்னாலும் சொல்ற மாதிரி செஞ்சிருந்தாங்க. ஏற்ற இறக்கம் இல்லாம, பேரைச் சொல்லி, "உள்ளே வாங்க"ங்கும்.

ஒருநாள் பூட்டு ரிப்பேர்காரர் ஒருத்தர் நெஞ்சு வலிக்குதுன்னு வந்தார். மூலை நாற்காலியில உட்கார்ந்திருந்தார். "அடுத்தது நீங்கதான் ஐயா"ன்னு நான் சொல்லி வாய் மூடல, மனுஷன் அப்படியே சரிஞ்சுட்டார். டாக்டர் ஓடி வந்து என்னென்னவோ பண்ணிப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலேயே உயிர் போயிடுச்சு.

மறுநாள் சாயங்காலம் கடைசி ஆளும் பார்த்துட்டுப் போயாச்சு. நாற்காலி எல்லாம் காலி. நான் ஜன்னலைச் சாத்திக்கிட்டிருந்தேன். பூட்டுக்காரர் பேரைச் சொல்லி என் தங்கச்சி குரல் கூப்பிட்டுச்சு. "உள்ளே வாங்க."

சத்தியமா சொல்றேன், நான் திரும்பி அந்த மூலை நாற்காலியைத்தான் பார்த்தேன்.

திரையில தேடினேன். அவர் பேரு எங்கேயும் இல்லை. அழிக்கலாம்னா அழிக்க ஏதாவது இருந்தாத்தானே? குரல்ல மட்டும் இருந்தார். அதுக்கப்புறம் தினமும் இதே கதை. அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் போய் முடிஞ்சதும் அவர் முறை வரும். டாக்டர் உள்ளேயிருந்து, "என்னம்மா இது கண்றாவி, நிறுத்தித் தொலைங்க"ன்னு கத்துவார். ஆனா கதவைத் திறந்து வெளியே வந்து மட்டும் கத்த மாட்டார். எனக்கோ வீட்லயும் நிம்மதி இல்லை. பொடுசு சமையல்கட்டுலேர்ந்து சாதாரணமா, "அக்கா, உள்ளே வா"ன்னு கூப்பிட்டதுக்குக் கையில இருந்த டம்ளரைக் கீழே போட்டேன்.

"அது சின்னத் தப்புக்கா"ன்னா அவ. "பார்த்து முடிச்சதா குறிக்காதவங்க உள்ளே தங்கிடறாங்க. நாலு வரி மாத்தினா போதும்."

"அப்ப மாத்தித் தொலையேன்டி!"

"முடியாது. பூனைக்குக் கொடுத்திருக்கேன்."

பூனைங்கிறது சத்தமே இல்லாம வந்து பின் வரிசையில உட்கார்ற ஒரு பொண்ணு. காலேஜ்ல இந்தப் பாடத்துல ஃபெயில். படிச்சது போதும்னு வீட்டுல நிறுத்தப் போறாங்க. "இதுவாவது எனக்கு வருதான்னு பார்க்கறேன், வரலைன்னா விட்டுடறேன் அக்கா"ன்னு பொடுசுகிட்ட சொல்லியிருக்கா. அவ பேசினதே அவ்வளவுதான். "இப்ப நான் பிடுங்கிச் சரி பண்ணினா, உன்னால முடியாதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்"னு பொடுசு ஒரே பிடியா நின்னா.

"செத்தவரைக் கூப்பிடுதுன்னு அவளுக்குத் தெரியுமா?"

"பயந்துடுவாக்கா. பழைய வரிசை எண் ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்குன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

இதுக்கு நடுவுல பூட்டுக்காரர் சம்சாரம் வந்தாங்க. அவர் விட்டுட்டுப் போன குடையை வாங்கிக்கிட்டுப் போக வந்தவங்க. குடையை எடுத்து நீட்டுறேன், அந்த நேரம் பார்த்து அவர் பேரைக் கூப்பிட்டுச்சு. எனக்கு உயிரே போயிடுச்சு. அந்தம்மா அழல, கத்தல. முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு நேரா டாக்டர் ரூம் வாசல் வரைக்கும் நடந்தாங்க. கொஞ்ச நேரம் நின்னாங்க. திரும்பிப் போயிட்டாங்க.

மறுநாள் சாயங்காலமும் வந்தாங்க. அப்புறம் தினமும். அதே மூலை நாற்காலி. பேர் கேட்டதும் எழுந்து, வாசல் வரைக்கும் போய் நின்னுட்டுத் திரும்புவாங்க. "அம்மா, அது மெஷின் தப்பு"ன்னு சொல்லிப் பார்த்தேன். "தெரியும்மா"ன்னாங்க. வாரக்கணக்கா இப்படி. பொடுசுகிட்ட சண்டை போட்டேன், கெஞ்சினேன், பேசாமகூட இருந்து பார்த்தேன். எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரிதான்.

கடைசியில பூனை சரி பண்ணிட்டா. சரி பண்ணினவங்களைக் கூட்டிக்கிட்டுப் போய், அது ஓடுற இடத்தைக் கண்ணால காட்டுறதும் அவங்க வழக்கமாம். ரெண்டு பேரும் சாயங்காலம் கிளினிக்குக்கு வந்தாங்க. என் போதாத காலம், காலியா இருந்த அத்தனை நாற்காலியையும் விட்டுட்டு அந்தப் பொண்ணு போய் மூலைக்குப் பக்கத்துல, அந்தம்மாகிட்ட உட்கார்ந்தா. நான் பொடுசுக்கு ஜாடை காட்டினேன். அவளுக்கு அப்பத்தான் உறைச்சது. எழுப்பவும் முடியல, சொல்லவும் முடியல.

கடைசி ஆள் வெளியே போனார். ஒருத்தி கூப்பிடக் கூடாதேன்னு காத்துக்கிட்டிருக்கா. பக்கத்துல ஒருத்தங்க கூப்பிடுமேன்னு காத்துக்கிட்டிருக்காங்க. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுது. அந்தக் குரல் கேட்டப்பகூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

"இன்னும் கூப்பிடலையே"ன்னாங்க அந்தம்மா.

பூனை முகமெல்லாம் சிரிப்பா அவங்க பக்கம் திரும்பினா. "இனிமே கூப்பிடாதும்மா. நான்தான் நிறுத்தினேன்!"

பொடுசு கண்ணை மூடிக்கிட்டா.

அந்தம்மா அவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நீயா கண்ணு? அப்ப அவர் முறை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"கூப்பிடறப்ப ஆள் இல்லாம போயிடக் கூடாதேன்னுதான் வந்துக்கிட்டிருந்தேன். முட்டி வலியோட பஸ் ஏறி, தினமும்." எழுந்து, அவ தலையைத் தடவிட்டு, மெதுவா வெளியே போனாங்க.

பூனை எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. "யாரு அவர்?"

வேற வழி? பொடுசு எல்லாத்தையும் சொன்னா. சொல்லி முடிச்சப்ப, போச்சு, இவ இனி டயர் கடைப் படியே ஏற மாட்டான்னு நான் நினைச்சேன். பொடுசும் அதையே நினைச்சான்னு அவ முகம் சொல்லுச்சு.

சத்தமே வராத அந்தப் பொண்ணு கத்தினா பாருங்க, டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஒரு மனுஷன்னு ஏன் என்கிட்ட சொல்லல? எண்ணுன்னுதானே சொன்னீங்க! எண்ணுதானே, மெதுவா பழகிக்கலாம்னு ஒவ்வொரு வரியா உருட்டிக்கிட்டு இருந்தேனே! சொல்லியிருந்தா அந்த வாரமே முடிச்சிருப்பேன் அக்கா. அவங்க இத்தனை நாள் வந்திருக்க வேண்டாம்."

அந்தப் பொண்ணு பையை எடுத்து மாட்டிக்கிட்டா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "சனிக்கிழமை அடுத்ததைக் கொடுங்க. யாருக்குன்னு சொல்லிக் கொடுங்க"ன்னுட்டு, அந்தம்மாவை பஸ் ஏத்தி விட ஓடினா.