மாதா போகாத வீடு

சிறுவயதில், எங்கள் பள்ளியில் படித்த ஸ்டெல்லா வீட்டுக்குப் போகவேண்டிய மாதா சிலையைப் பொய் சொல்லி எங்கள் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டவன் நான்.

ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபம் மாணவர் வீடுகளுக்கு வரும் என்று பேத்தியின் பள்ளியிலிருந்து போனில் செய்தி வந்ததும், தாம்பரத்தில் இடித்துவிட்ட எங்கள் ஓட்டுப்பள்ளியும், வாரம் ஒரு வீடாகச் சுரூபம் தங்கிய மாலைகளும், மெழுகுவத்தி வாடையும் திரும்பி வந்தன.

“ஸ்டெல்லா வூட்ல வேணாமாம் சிஸ்டர்,” என்று அன்று சொல்லியிருந்தேன், இன்னொரு வாரம் எங்களிடம் இருக்கட்டும் என்ற ஆசையில். அவள் அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்துக் காத்திருந்தார்.

இத்தனை வருஷம் கழித்து, சுரூபத்தைப் பேத்தியின் பள்ளியில் கேட்டு வாங்கி, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஸ்டெல்லாவிடம் கொடுத்து எல்லாம் சொன்னேன்.

“நம்ம வூட்ல இன்னா பாவம் கீதுன்னு சாவுற வரைக்கும் அம்மா கேட்டுகினே இருந்துச்சுண்ணா,” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்லி, மற்றவர் சொல்லவேண்டிய மறுபாதிக்காக, அம்மாவின் பதிலுக்குப்போல நிறுத்தினாள். “பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக” என்ற அந்த மறுபாதியைச் சொல்ல வெளியே நின்ற எனக்கு வாய் வரவில்லை.