நூற்று நாற்பத்தோராவது பெயர்

சாம்வேஸ் பட்டறைக்குக் கார் வாங்க வருகிற எவரும் தெர்சா லெக்கைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பிரிட்போர்ட் ஊருக்கு மேற்கே, ஒருகாலத்தில் கப்பல் கயிறு திரித்த நீளக் கொட்டகை அது. அதன் வாசல் அறையில் ஒரு மேசை, ஒரு தட்டச்சுப் பொறி, எப்போதும் சூடாக இருக்கும் தேநீர்க் கெண்டி. இருபத்துமூன்று வயதில் கடிதம் அடிக்க வந்தவள், முப்பதைத் தொடும்போது அந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரிவே அவள்தான் என்றாகிவிட்டாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வீட்டிலிருந்து சைக்கிளில் வருவாள்.

மாதத்துக்கு மூன்று வண்டிதான் அங்கே உருவாகும். இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, உடம்பு முழுக்கக் கையால் அடித்த அலுமினியத் தகடு. கேட்பவர்களோ இங்கிலாந்து முழுக்க. அதனால் வரிசை நான்கு வருடத்துக்கு நீண்டிருந்தது. பெரும்பாலும் பாகங்களாகப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டியது. அப்படி விற்றால் அரசாங்கத்துக்கு வரி இல்லை, விலையும் அடக்கமாக இருக்கும். பட்டறையில் அதற்குப் 'பெட்டி வண்டி' என்று பெயர்.

ஒவ்வொரு ஜனவரியிலும் விலை வைப்பார்கள். முதலாளி எட்மண்ட் சாம்வேஸ், தகடு அடிக்கும் பெர்சி ஹான்ஸ்ஃபோர்டு, தெர்சா, மூன்று பேர்தான்.

"ஆயிரத்து நூறு பவுண்டுன்னு வெச்சுக்குவோம். சொல்றதுக்கு லேசா இருக்கு" என்றார் சாம்வேஸ் ஒரு வருடம்.

"வேணாம் சார். ஆயிரத்து நூறுன்னா வாய்க்கு வந்ததைச் சொல்றோம்னு நெனப்பாங்க. ஆயிரத்து நூத்து நாப்பத்தெட்டுன்னு வைங்க. ஆணி ஆணியா எண்ணிப் போட்டிருக்கோம்னு நம்புவாங்க."

"நாப்பத்தெட்டு எங்கேருந்து வந்துச்சு?"

"என் வாய்லேருந்துதான்."

பெர்சி சிரித்துவிட்டு, "ஏம்மா கண்ணு, இன்னும் ஐம்பது ஏத்தக் கூடாதா? வரிசைதான் கடல் வரைக்கும் நிக்குதே" என்றான்.

"வெலை அதிகம்னு யாரும் ஓடிப்போறதில்லே பெர்சி. வீட்டுல பெண்டாட்டிகிட்ட ஒரு வெலையைச் சொல்லிச் சம்மதம் வாங்கிட்டான் பாரு, அதுக்கப்புறம் ஏத்தினாத்தான் ஓடிப்போவான்."

அவளுக்கு மனிதர்களின் ஆசையைப் படிக்கத் தெரிந்திருந்தது. வரும் கடிதங்களில் எவன் பேச்சுக்குக் கேட்கிறான், எவன் தூக்கத்திலும் கேட்கிறான் என்று பிரித்துவிடுவாள். வரிசையை மட்டும் யாருக்காகவும் மாற்றியதில்லை. பாத் நகரத்து டாக்டர் ஒருவர் நேரில் வந்து மேசையில் கையூன்றி நின்றார்.

"இருநூறு பவுண்டு கூடப் போட்டுத் தரேம்மா. அடுத்த மாசம் வண்டி வேணும்."

"உங்க ஆஸ்பத்திரி வரிசையில நிக்கிறவங்க இப்படிக் கேட்டா என்ன செய்வீங்க டாக்டர்?"

"அது உயிர் விஷயம்மா."

"இங்க வர்றவங்களும் அப்படித்தான் சொல்றாங்க."

டாக்டர் தேநீரைக் குடித்துவிட்டு, எண்பத்தாறாவது ஆளாகவே திரும்பிப் போனார்.

ஆம்ப்ரோஸ் டன்னிங் வந்தது 1968 ஏப்ரலில். சரக்குக் கப்பலில் வயர்லெஸ் அதிகாரி. நாற்பது வயது, காதோரம் நரை, பேசும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்கும் பழக்கம். கொட்டகையில் முடிந்து நின்ற ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கையை ஸ்டியரிங்கில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

"தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது" என்றாள் தெர்சா.

"இல்லீங்க. தொட்டுட்டா கப்பல்ல இருப்புக் கொள்ளாது."

வெய்மத்தில் அவருடைய அப்பா தனியாக இருந்தார். பஸ் டிப்போவில் முப்பத்தெட்டு வருடம் என்ஜின் பார்த்தவர். பெட்டி வண்டி வந்தால் அப்பாவும் மகனுமாகப் பூட்டுவதாகப் பேச்சு. கிழவர் அப்போதே கொட்டகையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டாராம். டன்னிங் முன்பணத்தைக் கட்டிவிட்டு இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். தெர்சா பதிவேட்டில் நூற்று நாற்பத்தொன்று என்று எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்து ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. வண்டிக்கு முதலில் கேட்ட கரும்பச்சை வேண்டாம், நீலம் வேண்டும் என்று. அவள் பதில் போட்டாள். வால்பரைஸோவிலிருந்து அடுத்தது: நீலம் வேண்டாம், ஆனால் கடைசியாக உங்கள் பட்டறையிலிருந்து வெளியே போன வண்டி என்ன நிறம்? கடைசியாகப் போனது சாம்பல். மழை பெய்துகொண்டிருந்ததால் வண்டி எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை என்று எழுதினாள். அடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான், இது விற்பனைக் கடிதம் இல்லையே என்று தோன்றியது. அனுப்பிவிட்டாள்.

அதிலிருந்து மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு. மேல்தளத்தில் வந்து விழுந்த பறக்கும் மீன்களைப் பற்றி அவர் எழுதுவார். முகம் தெரியாத வேறொரு கப்பலின் வயர்லெஸ் ஆளை, அவன் தந்திக் கருவியைத் தட்டுகிற விதத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்வதைப் பற்றி எழுதுவார். 'என் பிழைப்பே தூரத்தில் இருப்பதைக் கேட்பதுதான்' என்று ஒருமுறை எழுதியிருந்தார். அவள் வேலியில் பூத்ததை எழுதினாள், பெர்சிக்குப் பல் பிடுங்கியதை எழுதினாள். எல்லாக் கடிதத்தின் கடைசி வரியிலும் வண்டியைப் பற்றி ஒன்று இருக்கும். அது இருந்ததால்தான் இருவருக்கும் எழுத முடிந்தது. தபால்காரர் அன்னிய நாட்டுத் தபால்தலையைக் காட்டி, "உனக்கு மாப்பிள்ளை கடல்லயா?" என்று கேலி செய்வார். "வாடிக்கைக்காரர்" என்பாள் தெர்சா, கன்னம் சிவக்க.

1972 மே மாதம் அவர் முறை வந்தது.

பதிவேட்டைத் திறந்தாள். மூன்று பெட்டி வண்டி தயார். நூற்று முப்பத்தொன்பது, நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தொன்று. முதல் இருவருக்கும் கடிதம் அடித்தாள். மூன்றாவது தாளைப் பொறியில் செருகி, 'அன்புள்ள திரு. டன்னிங்' வரை அடித்துவிட்டு நிறுத்தினாள். வண்டி போய்விட்டால் நிறத்தைக் கேட்க யாரும் எழுதப்போவதில்லை. பெட்டி ஏறிப் போகும், ரசீது போகும், அவ்வளவுதான். வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உருவி எடுத்துவிட்டு, நூற்று நாற்பத்திரண்டாவது ஆளுக்கு அடித்தாள்.

ஒரு மாதம்தான் என்று நினைத்தாள். ஜூனில், இன்னும் ஒரு மாதம். ஆகஸ்டில் அவர் விடுப்பில் வந்திருந்தபோது தொலைபேசியில் கேட்டார். "இன்னும் கொஞ்சம் ஆகும் போலிருக்கு மிஸ்டர் டன்னிங்" என்றாள். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு பலமுறை நினைத்தாள்.

"பரவாயில்லீங்க. அப்பாதான் அவசரப்படறார். ஸ்பானர் எல்லாத்துக்கும் எண்ணெய் போட்டு வெச்சிருக்கார்" என்று சிரித்தார் அவர்.

டிசம்பரில் வந்த கடிதம் அரைப் பக்கம்தான். நவம்பரில் அப்பா போய்விட்டார், கப்பல் நடுக்கடலில் இருந்ததால் அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று இருந்தது. கடைசி வரியில் வண்டியைப் பற்றி எதுவும் இல்லை.

தெர்சா அதை மடித்து வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றாள். பெர்சி வந்து, "என்னம்மா, சளி புடிச்சிருக்கா?" என்றான். ஆமாம் என்றாள். இனி என்ன சொல்லி அவருக்கு அந்த விற்பனைக் கடிதத்தை அடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஜனவரியில் விலை வைக்க உட்கார்ந்தபோது எல்லாமே மாறியிருந்தது. ஏப்ரல் முதல் புது வரி வருகிறது, பெட்டியில் கொடுத்தாலும் பூட்டிக் கொடுத்தாலும் ஒரே வரி. இனிப் பெட்டி வண்டியால் லாபம் யாருக்கும் இல்லை. முழு வண்டி மட்டும்தான், ஆயிரத்து எழுநூற்று அறுபத்திரண்டு பவுண்டு. வரிசையில் மிச்சமிருந்த எல்லாருக்கும் தெர்சா கடிதம் அடித்தாள். தான் தள்ளித்தள்ளி வைத்த பெயரும் அதில் இருந்தது.

பிப்ரவரி கடைசியில் பதில் வந்தது. அந்த விலை தனக்கு எட்டாது, பூட்டுவதற்கு இப்போது ஆளும் இல்லை, பெயரை வரிசையிலிருந்து நீக்கிவிடவும் என்று. 'இத்தனை வருடம் பொறுமையாகப் பதில் எழுதியதற்கு நன்றி' என்று முடித்திருந்தார்.

அந்த நன்றியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கடிதத்தோடு சாம்வேஸின் அறைக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் புகைக்குழாயைப் பற்ற வைக்காமலே பிடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவை தள்ளினே?"

"ஏழு தடவை."

"பாத் டாக்டரைக் கூட ஒரு எடம் முன்னால விடாதவ நீ."

"ஆமா சார். என்னை அனுப்பிடுங்க."

"அனுப்பிட்டு? வெலையைப் பெர்சியா வெப்பான்?" அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "கடைசிப் பெட்டி வண்டி ஒண்ணை எனக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்தேன், ஞாபகத்துக்கு. அதைக் குடு. போன வருஷத்து வெலைக்கு. மார்ச் முடியறதுக்குள்ள எடுத்துக்கச் சொல்லு. ஆனா நீ செஞ்சதை நீதான் சொல்லணும். தபால்ல எழுதித் தப்பிக்கக் கூடாது, நேர்ல சொல்லு."

மார்ச் மூன்றாவது வாரம் டன்னிங் வாடகை வேனோடு வந்தார். ஐந்து வருடத்தில் இரண்டாவது தடவை அவரைப் பார்க்கிறாள். கடிதத்தில் இருந்தவருக்கு இவ்வளவு சோர்ந்த தோள்கள் இல்லை.

"ஒரு பெட்டி வண்டி மிஞ்சியிருக்குன்னு எழுதியிருந்தீங்க. எப்படிங்க மிஞ்சுச்சு?"

"மிஞ்சலே. போன மே மாசமே உங்க முறை வந்துருச்சு. நான்தான் தள்ளித்தள்ளி வெச்சேன்."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். சரியாக விழவில்லையோ என்று அவள் மறுபடியும் சொன்னாள்.

"மே மாசமா?" என்றார் அவர் மெல்ல. "ஆகஸ்ட் பூரா நான் வீட்டுல இருந்தேன். நாலு வாரம். ரெண்டு பேரும் சும்மா உக்காந்து கிரிக்கெட் கேட்டுக்கிட்டிருந்தோம்." அவளை நேராகப் பார்த்து, "ஏன்?" என்றார்.

"வண்டி கெடச்சிட்டா நீங்க எழுத மாட்டீங்கன்னு."

கொட்டகைக்குள் பெர்சியின் சுத்தியல் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

"கேட்டிருந்தா எழுதியிருப்பேனே" என்றார் டன்னிங்.

கோபமாகக் கத்துவார் என்று அவள் தயாராக வந்திருந்தாள். அவர் கத்தவில்லை. பதினோரு பெட்டிகளையும் பெர்சியோடு சேர்ந்து ஏற்றினார், கையெழுத்துப் போட்டார், தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார்.

பிறகு மூன்று வருடம் ஒரு வரியும் இல்லை. தெர்சா வழக்கம்போல வண்டி விற்றாள். வரிசையில் பெயர் கொடுத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழவர் ஸ்பானருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றும். ஒரு நாள்கூடத் தாமதம் செய்ய மாட்டாள். காலையில் தபால் வந்ததும் அன்னியத் தபால்தலைகளைத் தேடும் கண்ணை மட்டும் அவளால் திருத்த முடியவில்லை. இனி வராது என்று தெரிந்தே தேடினாள். கப்பல் போக்குவரத்துப் பத்திரிகையில் அவர் கப்பலின் பெயர் எந்தத் துறைமுகத்துக்கு எதிரே இருக்கிறது என்று நூலகத்தில் பார்த்துவிட்டுத்தான் சனிக்கிழமை வீட்டுக்குப் போவாள்.

1976 கோடை. மழையே இல்லாமல் புல்லெல்லாம் வைக்கோலாகிக் கிடந்தது. ஒரு மதியம் கொட்டகை வாசலில் என்ஜின் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கரும்பச்சை வண்டி. முதல்முதலில் அவர் கேட்ட நிறம். ஒரு பக்கக் கதவு அரை அங்குலம் இறங்கியிருந்தது.

"ஏறுங்க" என்றார் டன்னிங்.

"எனக்கு வேலை இருக்கு."

உள்ளேயிருந்து பெர்சி கத்தினான்: "பொய் சொல்லுது சார், ரெண்டு மணிலேருந்து பென்சில் சீவிக்கிட்டிருக்கு!"

பதினைந்து வருடமாக விற்ற வண்டியில் அன்றைக்குத்தான் தெர்சா சாலையில் போனாள். காது அடைத்தது, கண்ணில் தூசி, தலைமுடி வாயில். எகர்டன் குன்று வரை ஒரு வார்த்தை பேச முடியவில்லை. இப்படி ஒரு இரைச்சலுக்கா மனிதர்கள் நான்கு வருடம் காத்திருந்தார்கள் என்று நினைத்தாள். ஆனாலும் குன்றேறும்போது வண்டி தூக்கிப்போட்டதில் சிரித்துவிட்டாள்.

மேலே வண்டியை நிறுத்தினார். தூரத்தில் கடல் வெள்ளையாகக் கிடந்தது.

"மூணு விடுப்பு ஆச்சு பூட்டி முடிக்க. கதவு கோணலா போச்சு. அப்பா இருந்தா விட்டிருக்க மாட்டார்."

"தெரியுது."

"கோவம் இன்னும் போகலே மிஸ் லெக்."

"போக வேணாம்."

"இல்லே, அதைச் சொல்ல வரலே." அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கப்பல்ல ஒவ்வொரு ராத்திரியும் உங்களைத் திட்டி ஒரு கடுதாசி யோசிப்பேன். திட்டி முடிச்சதும் அன்னிக்கு என்ன பார்த்தேன், என்ன கேட்டேன்னு அதுபாட்டுக்கு நீண்டுக்கிட்டே போகும். அதையெல்லாம் எங்க போடறது?"

தெர்சா தன் வீட்டு முகவரியைச் சொன்னாள். எழுதிக்கொள்ளத் தாள் இல்லை, அவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்.

அவர் ஓய்வு பெறும்வரை இன்னும் பதினொரு வருடம் கடலில் இருந்தார். வருடத்துக்கு இரண்டு விடுப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றுக்குப் போவார்கள். மிச்ச நாளெல்லாம் கடிதம்தான். கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. அவர் ஓய்வு பெற்று வந்த வாரம், வெய்மத்தில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தெர்சா ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தாள். பட்டறைக்குப் போய்வர முன்னைவிட ஒரு மணி நேரம் கூடுதல். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, சாயங்காலம் அவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வருவாள்.