மூச்சு எளைச்ச அடைக்கோழி

பேரனோட சளிக்கு ஆவி புடிக்கிற மெஷினு கொர்ருங்குதுங்க. எனக்கானா சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. எங்கூட்டு அடைக்கோழிக்கும் இதே சத்தந்தான்.

ஊருக்குள்ள கேபிள் டிவி வந்த புதுசு, நானும் கண்ணாலமாயி வந்த புதுசு. சமையக்கட்டு மூலைல, கூடைக்குள்ள மணலக் கொட்டி பதினொரு முட்டை அடை வெச்சேன். எங்க மாமியாருக்கு ஒரு வளமைங்க, வழிவழியா வந்த பழக்கம். அடை வெச்சவ, குஞ்சு பொரிக்காம முட்டைய உட்டுப் போகப்படாது. அந்நேரம் பாத்து கொடுமுடில, எம்பொறந்தூட்டுல, தம்பிக்குக் கண்ணாலம். நானும் கோழியும் ஒரே மூலைல மாட்டிக்கிட்டோம்.

அதுல கோழிக்குச் சளி வேற. மூக்குல தண்ணி ஒழுகுது, வாயப் பொளந்து மூச்சு வாங்குது. மாட்டு டாக்டர் குடுத்த பொடியத் தண்ணில கலக்கி வெச்சா, குடிக்க எந்திரிக்கவே மாட்டீங்குது. நாந்தான் மூக்கைத் தொடச்சு, அலகுல சொட்டுச் சொட்டா உடுவேன்.

"சாம்பிராணி போடு அம்மணி"ன்னாங்க மாமியார். போட்டேன், மூச்சு இன்னும் எளைச்சுது. அப்பத்தான் ஒறைச்சுது, அடுப்புப் பொகைதான் அதைக் கொல்லுதுன்னு.

"வெளிய வெச்சரலாங்க அத்தை."

"எடம் மாத்துனா எந்திரிச்சுப் போயிருங் கண்ணு."

"கூடையோட தூக்குனா?"

மெதுவாத் தூக்கி, காத்தோட்டமா மாட்டுக்கொட்டாயில வெச்சேன். கோழி அசையல. மூணு நாள்ல மூச்சும் சீராயிருச்சு.

"அத்தை, முட்டைய உட்டுத்தான போகப்படாது? கூடையோட போனா?"

"அடி போக்கிரி!"ன்னு சிரிச்சுப்போட்டாங்க.

பஸ்ஸுல மடிமேல கூடை. "உள்ள என்னங்க?"ன்னாரு கண்டக்டரு.

"பன்னண்டு பேருங்க, கண்ணாலத்துக்கு வாராங்க"ன்னேன்.