உள்ளூர்ப் பங்கு

பாலாற்றை ஒட்டிய அந்தப் பேரூராட்சியில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடிவானது. செலவில் அறுபது பங்கு ஒன்றிய அரசு, முப்பது மாநிலம், மீதிப் பத்து பேரூராட்சி. பத்தை நிலமாகவும் தரலாம். பேரூராட்சியிடம் பணமும் இல்லை, நிலமும் இல்லை. அன்பரசியிடம் நிலம் இருந்தது.

செங்கல்பட்டு மார்க்கெட்டில் கீரை விற்பவர் அன்பரசி. ஆற்றோரம் அறுபது சென்ட், நடுவில் ஒரு கிணறு. அவர் பிழைப்பு அவ்வளவுதான். ஊர்ச் சாக்கடை ஆற்றில் இறங்கி, கிணற்றிலும் லேசாக வாடை தட்டத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து வார்டு கவுன்சிலர் மோகன் வந்தார்.

“இருபது சென்ட் எழுதிக் குடு அன்பு. ப்ளான்ட் வந்தா உன் கெணறுதான் மொதல்ல தெளியும். நான் கீறேன்ல?”

“நீ கீறதாலதான்ணே யோசிக்கிறேன்.”

யோசித்துவிட்டு, தானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

எல்லாப் பங்குகளிலும் முதலில் வந்து சேர்ந்தது அவருடையதுதான். மற்றவை தவணை தவணையாக வந்து, நான்கு வருடத்தில் நிலையம் எழுந்தது. அன்பரசியின் நிலத்தோரம் உட்பட ஐந்து இடங்களில் ஆற்றில் விழுந்துகொண்டிருந்த சாக்கடையை ஒரே குழாயில் சேர்த்து அங்கே கொண்டுவந்தார்கள். திறப்பு விழாவன்று மோட்டார் ஓடியது. கட்டுவதற்குப் பங்கு பிரித்தவர்கள் ஓட்டுவதற்குப் பிரிக்க மறந்திருந்தார்கள். கரண்டு பில் யாருடையது என்று கடிதங்கள் போய் வருவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். ஐந்து இடத்துச் சாக்கடையும் தொட்டி நிரம்பி, அன்பரசியின் கிணற்றோரமாகவே ஆற்றுக்குப் போனது. மற்ற நான்கு இடங்களும் சுத்தமாகிவிட்டன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து அன்பரசிக்கு ஒரு நோட்டீஸ் வந்தது: ‘தங்கள் நிலத்திலிருந்து ஆற்றில் கழிவுநீர் விடுவதை உடனே நிறுத்தவும்.’ பத்திரம் பதிவாகியிருந்தது. பட்டாவை மாற்றத்தான் யாருக்கும் நேரமில்லை. அன்பரசி அதை மோகனிடம் எடுத்துப்போனார்.

“உன் பேர்லதான் கீது. நான் இன்னா பண்றது?”

“கீரைய மோந்து பாத்துட்டுக் கீழ போடறாங்கண்ணே. தெளியும்னு நீதான சொன்ன?”

“தெளியும்னேன். தேதி சொன்னனா? போ, நோட்டீஸ்ல இன்னா போட்டுக்கீதோ அதச் செய்.”

செய்தார். நான்கு லோடு மண் இறக்கி, வெளியே போகும் குழாயின் வாயை அடைத்தார். சாக்கடை வந்த வழியே திரும்பி, மூன்றாம் நாள் கடைத்தெருவில் ஏறியது.

நான்காம் நாள் போலீஸ் வந்தது. அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாகப் புகார். அன்பரசி நோட்டீஸை நீட்டினார். எஸ்.ஐ. பொறுமைசாலி, அதையும் படித்தார், புகாரோடு இணைத்திருந்த தானப் பத்திர நகலையும் படித்தார்.

“சாக்கடை விடறதுக்கு இது உங்க நெலம்மா. அடைக்கறதுன்னா கவர்மென்ட் நெலம்.”

“நகல் யார் சார் குடுத்தது?”

எஸ்.ஐ. காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். புகார்தாரர், மோகன்.

“கூடப் பொறந்தவன் மாதிரி இட்டுகினு போயி கையெழுத்து வாங்கினான் சார்,” என்றார் அன்பரசி.

அன்று மாலையே ஜேசிபி வந்து மண்ணை அள்ளியது. அதன் வாடகை யார் பங்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சாக்கடை மறுபடி ஓடத் தொடங்கியபோது, அன்பரசி கிணற்று மோட்டாரைக் கழற்றி, விலை பேச வந்தவரின் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.