பிரிசில்லா போட்ட மயில்

செங்கல்பட்டு வட்டாரத்தில் கடந்த பதினோரு வருடத்தில் கல்யாணமோ காதுகுத்தோ நடந்த வீடுகளில் தேடிப் பாருங்கள். பீரோவில் எங்காவது அந்த மயில் கிடக்கும். பத்திரிகையின் இடது மூலையில் கழுத்தை வளைத்து நின்றுகொண்டு, தோகையை எழுத்துகளைச் சுற்றி ஓடவிட்டிருக்கும். அதைப் போட்டவள் எங்கள் அச்சகத்தில் டிசைன் செய்யும் பிரிசில்லா. நான் பூபாலன், அங்கே பேப்பர் வெட்டும் மெஷினில் நிற்பவன். அவள் கம்ப்யூட்டருக்கும் என் மெஷினுக்கும் நடுவே எட்டடி.

ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதோ ஆர்வத்தில் அதைக் கையால் வரைந்தாள். நேரில் மயிலைப் பார்த்தது வண்டலூரில் ஒரே முறை, அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதாம். அன்று பிடித்தது சனி. வருகிறவர்கள் எல்லாம் யார் வீட்டுப் பத்திரிகையையோ கொண்டுவந்து நீட்டி, "இதே மாரி போடும்மா, மயில மட்டும் மாத்தாத" என்பார்கள். அவள் புதிதாக நான்கு மாதிரி காட்டுவாள். ஒருவராவது பார்க்க வேண்டுமே! வேறு அச்சகக்காரர்களும் வெட்கமில்லாமல் அதைத் திருடிப் போட்டார்கள்.

அவள் தம்பி சாலமோனுக்குச் சர்ச்சில் கல்யாணம். பத்திரிகையைச் சிலுவையும் திராட்சைக் கொடியுமாக அழகாகச் செய்திருந்தாள். பெற்ற அம்மாவே, "ஊருக்கெல்லாம் போட்டுக் குடுத்த, தம்பிக்கு மயிலு கெடையாதா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சிலுவைக்குப் பக்கத்தில் மயில் வந்து நின்றது.

"இது என்னிய சாவடிக்காம வுடாதுண்ணா" என்பாள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

போன தை மாதம் நாவலூரில் ஓவியக்கூடம் நடத்தும் ஹரிப்ரியா வந்தார். மாமல்லபுரத்தில் இளம் சிற்பிகள் பன்னிரண்டு பேரின் கண்காட்சி, அதற்கு முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு கேட்டலாக் வேண்டும் என்றார். பிரிசில்லா மூன்று வாரம் அதிலேயே கிடந்தாள். ஒரு சிற்பி பாதி செதுக்கிய கல் கையின் படம். அட்டையில் கீழே ஓரமாக அந்தக் கை மட்டும், மிச்சமெல்லாம் வெறும் வெள்ளை. எனக்குக் கலை கிலை தெரியாது. ஆனாலும் ப்ரூஃபைக் கையில் வாங்கியதும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

ஹரிப்ரியாவும் அசந்துபோனார். "இது இப்படியே நல்லா வந்துட்டா ஜூன்ல எங்ககிட்ட வேலைக்கு வந்துடுங்க. கண்காட்சி வேலை மட்டும்தான். கல்யாணப் பத்திரிகையே கிடையாது" என்றார். அன்று பிரிசில்லா டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். "பதினோரு வருசம்ணா" என்றாள்.

ஒரு வாரம் கழித்து ஹரிப்ரியா மறுபடி வந்தார். முகம் சரியில்லை. கண்காட்சிக்குப் பணம் கொடுக்கும் பெரிய மனிதர், அட்டை காலியாகக் கிடக்கிறது, கொடுத்த பணத்துக்கு நிறைவாக ஏதாவது வேண்டும் என்றாராம். தன் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்து, இதைப் போட்டவர் கையால்தான் அட்டை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். ஹரிப்ரியா அதை மேஜைமேல் வைத்தார். யாரோ எங்கேயோ அடித்த பத்திரிகை. மூலையில் நம் மயில்.

"இதை யார் வரைஞ்சாங்கன்னு தெரியுமா?"

பிரிசில்லா அதைத் தொடக்கூட இல்லை. "தெரியாதுங்க மேடம். எல்லா எடத்துலயும் இதான் ஓடுது" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அவள் வெட்கப்பட்டு மறைக்கிறாள் என்று நினைத்தேன், முட்டாள். மெஷினுக்குப் பின்னாலிருந்து பெருமையாகச் சொன்னேன்: "இன்னா மேடம், நம்ம பிரிசில்லா போட்ட மயிலுதான். பதினோரு வருசமா ஓடிகினு கீது."

பிரிசில்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஹரிப்ரியாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "இவ்வளவு ராசியான கல்யாணக் கையைக் கூட்டிட்டுப் போனா உங்க முதலாளி என்னைச் சும்மா விடுவாரா?" என்று சிரித்தார். ஜூனில் வேலைக்கு வரச் சொன்ன பேச்சு அத்தோடு நின்றது. கல் கை உள்ளே முதல் பக்கத்துக்குப் போனது. அட்டை முழுக்க மயில்.

கேட்டலாக் அச்சாகி வந்ததும் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், வடிவமைப்பு: கண்காட்சிக் குழு. அட்டையின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில், மயில் ஓவியம்: பிரிசில்லா. பதினோரு வருடத்தில் அவள் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அட்டைய கழட்டிக் குடுண்ணா."

"உன் பேரு அதுலதானேம்மா கீது."

"பாத்தேன். கழட்டு."

பின்னை நெம்பி அட்டையை உருவினேன். உள்பக்கங்களை மட்டும் திரும்பப் பின் அடித்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் கல் கை, சுற்றிலும் வெள்ளை. அவள் செய்த புத்தகம் அப்படியே இருந்தது. அதில் அவள் பெயர் எங்கேயும் இல்லை. அதைப் பையில் வைத்துக்கொண்டு ஆறே கால் ரயிலுக்குக் கிளம்பிப் போனாள்.