தனி சர்வருக்குப் போன காலண்டர் கம்பெனி

விருதுநகரில் ஒரு பருப்புக் கடையின் மாடியில் நானும் என்னோடு கல்லூரியில் படித்த தோழியும் இணையதளங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்கு இரும்புச் சாமான் வியாபாரம். பேச்சில் அவளும் வியாபாரி மாதிரியே இருப்பாள், சுற்றி வளைக்க மாட்டாள்.

எங்கள் வாடிக்கையாளர்களின் தளங்கள் எல்லாம் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருந்தன. முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய தளங்களும் எங்களுடையவையும் ஒரே டேட்டாபேஸ் சர்வரை நம்பியிருந்தன. சீசன் நேரத்தில் சிவகாசி காலண்டர் கம்பெனி ஒன்றின் தளம் அடிக்கடி நின்றுபோனது. வெளியூர் ஏஜெண்டுகள் அதில்தான் படம் பார்த்து ஆர்டர் போடுவார்கள். ஹோஸ்டிங்காரர்களைக் கேட்டால், வேறு யாரோ ஒருவருடைய தளம் சர்வரை இழுக்கிறது, பொறுங்கள் என்றார்கள்.

“தனி சர்வர் எடுத்துருவோம்” என்றேன்.

“எடுக்கலாம். அது விழுந்தா எந்திரிக்க வைக்கிறது யாரு?” என்றாள்.

அதற்கு அவளே பதில் தேடினாள். அலுவலகத்தில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் அதே டேட்டாபேஸை நிறுவி, வேண்டுமென்றே கெடுத்தாள். ஆர்டர் பதிவாகும்போதே பிளக்கைப் பிடுங்கினாள். மொத்தத்தையும் அழித்துவிட்டு, எடுத்துவைத்த நகலிலிருந்து மீட்டாள். முதலில் பாதிதான் வந்தது. முழுதாக வரும்வரை விடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அலுத்துப்போனது.

பிறகுதான் கம்பெனி முதலாளியிடம் போனோம். அவள்தான் பேசினாள்.

“இப்ப இருக்கிறதுல அடுத்தவுக பாரம் நம்ம மேல விழுது, அண்ணாச்சி. தனியாப் போனா அது இருக்காது. ஆனா பழுது வந்தா நாங்கதான் பாக்கணும். கொஞ்ச நேரம் நின்னு போகும். அதுக்குச் சம்மதமா?”

“நீங்க பாத்துக்கிடுவீகள்ல?”

“பாத்துக்கிடுவோம்.”

அவருடைய மச்சானின் பட்டாசுக் கடைத் தளத்தையும் மாற்றச் சொன்னார். அதில் முகவரியும் நாலு படமும்தான். அதற்கு ஷேர்டே போதும் என்று மறுத்துவிட்டாள். வந்த வேலையை வேண்டாம் என்கிறாளே என்று எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த சீசனில், ரம்ஜான் பெருநாள் காலையில், காலண்டர் கம்பெனிக்காக வாடகைக்கு எடுத்திருந்த தனி சர்வரின் டிஸ்க் செத்துவிட்டது. சர்வரை வாடகைக்கு விட்டவர்கள் வேறு டிஸ்க் போட்டுத் தந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. தயங்கித் தயங்கித்தான் அவளுக்குப் போன் செய்தேன். தொழுகை முடிந்து வந்த அண்ணனின் வண்டியில், புதுச் சேலையோடு மாடியேறி வந்தாள்.

“ஏம்புள்ள மொகத்த இப்படி வச்சிருக்க? நகல் இருக்குல்ல.”

முந்தின நாள் நகலை ஏற்றினாள். அதற்குப் பின் வந்த ஆர்டர்கள் அதில் இல்லை. ஒவ்வொரு ஆர்டரும் எங்கள் மெயிலுக்கும் வரும்படி அவள் ஏற்பாடு செய்திருந்தாள். ஒருத்தி வாசிக்க, ஒருத்தி பதிய, மதியச் சாப்பாட்டுக்குள் தளம் பழையபடி ஓடியது.

முதலாளிக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. அவளே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

“சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா” என்றார் அவர்.

“உங்க கம்பெனி விசயம், அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியணும்ல.”

போனை வைத்துவிட்டு, வீட்டில் எல்லாரும் காத்திருப்பார்கள், நீயும் வா என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளைப் போல ஒருத்தியோடு தொழில் செய்கிறோம் என்ற பெருமையோடு பின்னால் நடந்தேன்.