கூமியில் ஒரு கதியால் வேலி

டீட்டிகோன், காலை 5.35

"அப்பா, அந்த அலவாங்கை வைச்சிட்டு வாங்கோ" என்று மகள் மூன்றாவது தரமாகச் சொன்னபோது, நான் அதைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டி முடித்திருந்தேன்.

"அங்க அலவாங்கு கிடைக்காதோ?"

"கிடைக்கும் பிள்ளை. ஆனா இது என்ர கைக்குப் பழகினது."

ஐந்தடி நீளம், ஆறரைக் கிலோ நிறை. லிம்மாட் ஆற்றங்கரையில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் சிறு தோட்டத்தில் பத்து வருடமாகக் கிடங்கு, அதாவது குழி, தோண்டுகிற இரும்புக் கம்பி அது. அதை விட்டுவிட்டு ஆபிரிக்கா போவதாக எனக்கு எண்ணமில்லை.

ஏன் போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் தர்சிகா சுவிசில் பிறந்து, வேளாண்மை படித்து, பக்கத்துப் பாடன் நகரில் வேலை செய்கிறாள். அவளும் கூடப் படித்தவர்களும் நடத்துகிற ஒரு சிறு சங்கம், உகண்டாவின் கிழக்கே கூமி நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பத்தொன்பது பெண்கள் தொடங்கிய பொதுத் தோட்டத்துக்கு உதவுகிறது. இரசாயன உரமோ மருந்தோ இல்லாத தோட்டம். போன மழைக்கு வைத்த கன்றுகள் அத்தனையையும் ஆடுகள் ஒரே பின்னேரத்தில் மேய்ந்து முடித்துவிட்டன. இந்த முறை போடுவதற்குச் சொல்லிவைத்த கம்பிவேலியும் வந்து சேரவில்லை.

"இன்னொருக்கா ஆடு திண்டால் அந்த மனிசியள் திரும்ப வரமாட்டினம் அப்பா. தோட்டம் அதோட முடிஞ்சுது" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"வேலிதானே? நான் வாறன்" என்றேன்.

களஞ்சியத்தில் பொதி ஏற்றி இறக்குவது என் தொழில் என்றாலும், யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு வேலி அடைப்பு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லாத வித்தை. இரண்டு கிழமை ஃபீரியன், பதினாலு நாள் லீவு, எழுதிக் கொடுத்தேன். புறப்படும் முன் மேசை இழுப்பறையைத் திறந்து, என் தோட்டச் சங்கத்திலிருந்து வந்திருந்த மூன்றாவது கடிதத்தையும் உள்ளே தள்ளி மூடினேன். அங்கே நான் நட்ட வால்நட் மரத்தைப் பற்றிய கடிதம். வந்து பார்த்துக்கொள்ளலாம்.

சூரிச் விமான நிலையத்தில் சாக்குப் பொதியைப் பார்த்த பெண் என்னவென்று கேட்டாள். தர்சிகா தோட்டக் கருவி என்று ஜெர்மனில் சொன்னாள். அந்தப் பெண் நீளத்தை அளந்துவிட்டு, பனிச்சறுக்குப் பலகைகள் போகும் வழியால் அனுப்பினாள். பளபளக்கும் உறைகளுக்கு நடுவே என் சாக்கு அசையாமல் போனதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாம் நாள், காலை 7.00

உகண்டாவின் என்டெபேயில் இறங்கி, அங்கேயே தங்கி, காலையில் வெளியே வந்தால் நெட்டையான ஒருவர் வெள்ளை வானுக்குப் பக்கத்தில் நின்று "யோகா!" என்றார். இந்த வயதில் அதெல்லாம் செய்வதில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்களுடைய தேசோ மொழியில் 'யோகா' என்றால் வணக்கமாம். ஒக்கெல்லோ என்பது அவர் பெயர். இரண்டு கிழமையும் எங்களுக்குச் சாரதியும் அவர்தான், வாயும் அவர்தான்.

கம்பாலா வரை நாற்பது கிலோமீற்றர், அதைத் தாண்ட இரண்டரை மணித்தியாலம். ஜிஞ்சாவில் நைல் நதியைக் கடந்தோம். தெருவோரம் சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டிக் கொடுத்தார்கள். அந்தச் சாப்பாட்டுக்குச் சுவிசின் விலைகூடிய மணிக்கூடு ஒன்றின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒன்று மூவாயிரம் ஷில்லிங், ஒரு பிராங்க்கூட வராது. நான் இரண்டு சாப்பிட்டேன். அந்தப் பெயரில் இரண்டு வைத்திருந்தேன் என்று களஞ்சியத்தில் போய்ச் சொல்லலாம் அல்லவா?

ம்பாலேயைத் தாண்டியதும் நிலம் தட்டையாகி மண் சிவந்தது. கம்பாலாவிலிருந்து கூமி முந்நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. போய்ச் சேரும்போது பின்னேரம் ஐந்து மணி. முதல் மழை இரண்டு விழுந்து, எங்கும் மாடு கட்டி உழுதுகொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள், காலை 8.15

தோட்டம் ஒரு ஏக்கர். நிலத்தைக் கொடுத்தவர் அமோடிங் என்ற பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும், கணவர் இறந்து நான்கு வருடம். அவருடைய நிலத்தில் ஒரு துண்டைப் பெண்கள் குழு பயிர் செய்வதற்கு இரவலாகக் கொடுத்திருந்தார். அதிகம் கதைக்காதவர். எங்களுக்கு வெந்நீர், நிலக்கடலை அரைத்த கச்சான் குழம்பு, மரவள்ளி மாவும் குரக்கன் மாவும் சேர்த்துக் கிண்டிய அட்டாப் எல்லாம் அவர் வீட்டிலிருந்துதான் வந்தன.

தர்சிகா பெண்களோடு சாணமும் இலைகுழையும் அடுக்கிக் கூட்டெரு போடத் தொடங்கினாள். நான் மரம் பார்க்கப் போனேன். அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் ஊர் வேலிக் கிளுவைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க ஒரு மரம், பற்றை பற்றையாக நின்றது. நகத்தால் கீறினால் பச்சை, மணந்து பார்த்தால் அதே பிசின் வாசம். கொப்பை வெட்டி ஊன்றினால் வேர்விட்டுத் துளிர்க்கும் இனம். அப்படி நடுகிற தடியைத்தான் நாங்கள் கதியால் என்போம். ஒருமுறை நட்டால் உக்காது, கறையான் தின்னாது, வருடத்துக்கு வருடம் தடித்து மொத்தமாகும்.

அன்றைக்கே தொடங்கினோம். அலவாங்கு குத்த, பெண்கள் தடி கொண்டுவர, நான் ஊன்றி மிதிக்க, குறுக்கே முள்ளுக்கொப்பு வைத்துக் கட்ட, வேலி ஓடியது. கயிறு பிடித்த நேர். நான்காம் நாள் பின்னேரம் இருநூற்றுப் பதினொரு கதியால் நட்டு, இரண்டரைப் பக்கம் முடித்துவிட்டோம்.

அப்போது அமோடிங் வந்தார். வேலி நெடுகிலும் மெல்ல நடந்து, ஒரு கதியாலின் தோலை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இது துளிர்க்குமா?" என்று ஒக்கெல்லோ மூலம் கேட்டார்.

"பத்து நாளில. ரெண்டு வருசத்தில மரம். முப்பது வருசத்துக்கு ஒருத்தரும் அசைக்க ஏலாது எண்டு சொல்லு பிள்ளை" என்றேன். தர்சிகா அதை ஆங்கிலத்துக்கு மாற்ற, ஒக்கெல்லோ தேசோவுக்கு மாற்றினார். அமோடிங் கதியாலில் இருந்து கையை எடுத்து, வந்த வழியே திரும்பிப் போனார். வேலியைப் பார்த்து மனிசி மலைத்துப்போனா என்று மகளிடம் சொல்லிக்கொண்டு கை கழுவினேன்.

ஐந்தாம் நாள், காலை 7.30

தோட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. எட்டு மணியும் ஆனது. ஆடுகள் மட்டும் வந்து, அடைக்காத பக்கத்தால் உள்ளே எட்டிப் பார்த்தன. எட்டரைக்கு ஒக்கெல்லோ தனியாக நடந்து வந்தார். சிரிப்பில்லை.

"இந்தப் பக்கத்தில் நிலத்தை இரவல் கொடுப்போம். கச்சான் போடலாம், வெங்காயம் போடலாம், ஒரு போகத்தில் எடுத்துக்கொண்டு போய்விடலாம். மரம் நடக் கூடாது. மரம் நடுகிறவர் நிலம் என்னுடையது என்று சொல்கிறார்" என்றார்.

அமோடிங் நிலத்தை வெளிநாட்டுக்காரருக்கு விற்றுவிட்டார் என்று ஊரில் கதை கிளம்பியிருந்தது. கணவருடைய உறவுக்காரர் அமோடிங்கின் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். நாங்களும் போனோம். மூன்று ஆண்கள் நீள வாங்குப் பலகையில் இருந்தார்கள். அமோடிங் நின்றார். அவர் சொன்னதை ஒக்கெல்லோ சொல்லச் சொல்ல, தர்சிகா என் காதுக்குள் தமிழில் சொன்னாள்.

"புருசன் செத்த பிறகு இந்த நிலம் தன்ரதுதான் எண்டதுக்கு, தன்னட்ட இருக்கிற ஒரே சாட்சி, இதில வேற ஆரும் மரம் நடேல்லை எண்டதுதானாம். நாங்கள் அந்தச் சாட்சியை அழிச்சுப் போட்டமாம் அப்பா."

அடுத்ததையும் சொன்னாள். வேலி துளிர்த்தால் நிலம் கைமாறியதாகத்தான் உறவுக்காரர் எடுப்பார்கள். அமோடிங்குக்கு இந்த ஊரில் இருக்க இடமிராது.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எங்கள் ஊரில் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக இருபது வருடம் முகம் பார்க்காமல் இருந்த வீடுகள் எத்தனை! என் சொந்தச் சித்தப்பா எல்லைக் கதியால் ஒன்றுக்காக வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போய்வந்தவர். கதியால் என்றால் நிலம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்த முற்றத்தில் இல்லை. என் கெட்டித்தனத்தைக் காட்டுகிற அவசரத்தில், இரவல் காணியில் மரம் நடலாமா என்ற ஒரு கேள்வியை நான் அமோடிங்கிடம் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். பிறகு எழும்பிப் போய் அலவாங்கை எடுத்தேன்.

பத்து மணிக்குத் தொடங்கி நாலு மணிவரை, நட்ட இருநூற்றுப் பதினொன்றையும் நானே பிடுங்கினேன். தர்சிகா உதவிக்கு வந்தாள், வேண்டாம் என்றேன். உள்ளங்கை உரிந்துவிட்டது. ஊர் முழுவதும் வந்து நின்று பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் நானும் மெல்லப் பிடுங்கினேன். பிடுங்கியவற்றை எறியவில்லை, ஒரு மாமரத்தின் கீழே நிமிர்த்திச் சாத்திவைத்தேன். நிழலில் வைத்தால் கதியால் ஒரு கிழமை சாகாது.

கடைசித் தடியைச் சாத்தும்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது.

"ஒக்கெல்லோ, இதை நான் நட்டால் என்னுடைய மரம். அமோடிங் தன் கையால் நட்டால்?"

அவர் என்னைப் பார்த்தார், தடிகளைப் பார்த்தார். பிறகு என்டெபேயில் சிரித்த அதே சிரிப்பு வந்தது. வாங்கில் இருந்த ஆண்களிடம் போய்ச் சொன்னார். அவர்கள் தங்களுக்குள் நெடுநேரம் கதைத்தார்கள். மூத்தவர் அமோடிங்கிடம் ஏதோ கேட்டார். அமோடிங் நேரே மாமரத்தடிக்கு வந்து, ஒரு கதியாலை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார்.

ஆறாம் நாள் முதல் ஒன்பதாம் நாள் வரை

கிடங்கு யாரும் குத்தலாம். அதற்குச் சொந்தம் இல்லையாம். நான் குத்தினேன். பெண்கள் தடி கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தடியையும் அமோடிங்தான் ஊன்றினார், அமோடிங்தான் குதிக்காலால் மிதித்தார். முந்நூற்று நாற்பது தடி. வேறு ஒருவரும் ஒன்றையும் ஊன்றவில்லை. உறவுக்கார மூத்தவர் தினமும் காலையில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, சாட்சியாக அதைக் கண்ணால் கண்டுகொண்டு இருந்தார். வேலி என் நேருக்கு வரவில்லை, இரண்டு இடத்தில் நெளிந்தது. வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"அப்பா, நீங்கள் இப்ப ஒண்டும் சொல்லாமல் இருக்கிறதுதான் பெரிய உதவி" என்றாள் மகள்.

ஒன்பதாம் நாள் வாசல் படலை மட்டும் மிச்சம். அதற்கு இரண்டு மொத்தக் கட்டை வேண்டும். அமோடிங், காய்ந்து கருத்து வைரம் பாய்ந்த இரண்டு கட்டைகளைத் தன் வீட்டு வளவிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். தோலை நகத்தால் கீறி, பச்சை இல்லை என்று எனக்குக் காட்டினார். பிறகு என் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டி ஏதோ சொன்னார். பெண்கள் எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

"இதை உங்களை நடட்டாம்" என்றாள் தர்சிகா.

நட்டேன். இரண்டரை அடி ஆழத்தில், கல்லுப் போட்டு இறுக்கி நட்டேன்.

பத்தாம் நாளும் பதினோராம் நாளும் கன்று நடுகை. வெங்காயம், தக்காளி, கத்தரி. ஆடுகள் வேலிக்கு வெளியே வரிசையாக நின்று பார்த்தன. எனக்கு அவற்றில் கொஞ்சம் இரக்கமும் வந்தது, பெரிதாக இல்லை.

பன்னிரண்டாம் நாள், காலை 6.30

புறப்படும்போது அலவாங்கை அமோடிங்கிடம் கொடுத்தேன். அவர் கையில் தூக்கி நிறை பார்த்தார், "எயலாமா" என்றார். அது நன்றி. நான் நூறு சதவீதம் நல்ல வேலை செய்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் என் வாழ்நாளில் செய்த நல்ல வேலைகளை எண்ணச் சொன்னால், அந்த இருநூற்றுப் பதினொன்றையும் பிடுங்கிய பகலை முதலில் வைப்பேன்.

விமானத்தில் மகள் கேட்டாள்: "அப்பா, அந்த வால்நட் மரம்?"

"தெரியும் பிள்ளை" என்றேன்.

டீட்டிகோன், மூன்று கிழமைக்குப் பிறகு

லிம்மாட் கரைத் தோட்டம் எனக்குச் சொந்தமில்லை. நகரசபையின் நிலம், சங்கம் வாடகைக்குத் தருகிறது. கத்தரிக்காய் போடலாம், வெண்டிக்காய் போடலாம். வளர்ந்து நிழல் விழுத்துகிற மரம் நடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நான் ஆறு வருடத்துக்கு முன் ஒரு விதையைப் போட்டு, அது என் தலைக்கு மேலே போனபோது பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். கடிதம் வந்தபோது, எங்கட ஆள் நட்ட மரம் அவங்களுக்குக் கண்ணுக்குள்ள குத்துது என்று ஓர்லிகோன் தமிழ்க் கடைவரை போய்ச் சொல்லித் திரிந்தேன்.

இப்போது புது அலவாங்கு ஒன்று வாங்கி, சனிக்கிழமை காலையில் அதைத் தோண்டினேன். ஆணிவேர் ஆழத்துக்குப் போயிருந்தது, இழுக்கும்போது முறிந்தது. அது இனிப் பிழைக்காது. அழுகை வந்தது, அழுதேன். சங்கத் தலைவர் தன் தோட்டத்திலிருந்து எழுந்து வந்து, கிடங்கை மூட மண் தள்ளினார்.

அன்று பின்னேரம் ஒக்கெல்லோவிடமிருந்து கைபேசிக்குப் படம் வந்தது. தர்சிகா பெரிதாக்கிக் காட்டினாள். வேலி முழுவதும் பச்சை. தடிக்குத் தடி, நெளிந்த இடத்திலும்கூட, விரலளவு துளிர். படலையில் அமோடிங் அலவாங்கோடு நிற்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கட்டைகள், கருப்பாக, மொட்டையாக நிற்கின்றன.

"உங்கட ரெண்டும்தான் துளிர்க்கேல்லை அப்பா" என்று சிரித்தாள்.

"ஓம். அது ரெண்டும்தான் நான் சரியா நட்டது" என்றேன்.